தெவினின் தேற்றம் மறைப்பது என்ன?

11 கிலோவோல்ட் துணைமின் நிலையம் ஒன்றுக்கு எந்தத் திறனில் பிரேக்கர் வாங்குவது? அதன் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர்களையும் மின்மாற்றிகளையும் நெடுந்தொலைவு மின்தடங்களையும் பொறியாளர் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதில்லை. அந்த இடத்தின் பழுதுத் திறன் 500 எம்.வி.ஏ. என்று தெரிந்தால் போதும். பின்னால் உள்ள கட்டமைப்பு முழுவதும் ஒரு மின்மூலமாகவும் 0.242 ஓம் இம்பீடன்ஸாகவும் சுருங்கிவிடும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பாயக்கூடியது ஏறத்தாழ 26.2 கிலோஆம்பியர். 25 கிலோஆம்பியர் பிரேக்கர் தாங்காது; அடுத்த அளவான 31.5 வேண்டும். இப்படிச் சுருக்க வழிதருவது தெவினின் தேற்றம். சுற்றுச் சுருக்கத் தேற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தெவினின் பிரான்சின் தந்தித் துறைப் பொறியாளர். 1883-ல் இதை வெளியிட்டார். விலங்குத் தசைகளின் மின்சாரத்தை ஆராய்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே இதே முடிவை எழுதிவிட்டார். ஆனாலும் பெயர் தந்திக்காரருக்கே நிலைத்தது. மின்னோட்ட மூலமாக இதையே மாற்றி எழுதும் வடிவத்தை, 1926-ல் பெல் ஆய்வகத்தின் நார்ட்டனும் சீமென்ஸின் மேயரும் தனித்தனியே தந்தார்கள்.

வெளிமுனைகளில் தெரிவதை மட்டுமே தேற்றம் சொல்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். 12 வோல்ட்டுக்குக் குறுக்கே இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து நடுவிலிருந்து மின்னழுத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தெவினின் வடிவம் 6 வோல்ட், 5 கிலோஓம். 10 கிலோஓம் பளுவை மாட்டினால் 4 வோல்ட்டாக இறங்கும் என்பதை அது பிசகாமல் சொல்லிவிடும். பளுவைக் கழற்றிவிட்டால்? தெவினின் சுற்றில் மின்னோட்டமே இல்லை, இழப்பும் இல்லை. உண்மைச் சுற்றிலோ 7.2 மில்லிவாட் வெப்பமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கருவி இரவோடு இரவாகச் சார்ஜ் இழப்பதற்கான காரணத்தை இந்தச் சுருக்கத்துக்குள் தேடிப் பயனில்லை.

இதைத் தேற்றத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அது தராத வாக்குறுதியை நாம்தான் எதிர்பார்க்கிறோம். உச்சத் திறன் மாற்றத் தேற்றத்துக்கும் இதே கதி. பளு மூலத்தின் உள்தடைக்குச் சமமாக இருக்கையில் திறன் உச்சம், ஆனால் பாதி உள்ளேயே வீணாகிறது. ஆன்டெனாவுக்கு அது பொருந்தும். மின்நிலையத்தை அப்படி ஓட்டினால் கட்டுப்படியாகாது.

தேற்றத்தின் உண்மையான குறை, சுற்று நேர்கோட்டுத்தன்மை கொண்டது என்று அது எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. சின்க்ரனஸ் ஜெனரேட்டர் பழுதின்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு பாய்ச்சும். அதை மின்மூலமும் இம்பீடன்ஸுமாக எழுதலாம். சூரிய மின்சக்தி இன்வெர்ட்டரோ தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட அளவோடு வெட்டிவிடுகிறது. அங்கே ஒரே இம்பீடன்ஸ் எல்லா நிலைக்கும் பொருந்தாது. சூரிய சக்தி பெருகிவரும் தமிழ்நாட்டுக் கட்டமைப்பில் பழைய சூத்திரத்தை மட்டும் நம்பி, பழுதைக் கண்டறியும் ரிலேக்களை அமைப்பது ஆபத்து.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தெவினின் கணக்கைக் கேளுங்கள், கூடவே உண்மைச் சுற்றின் உள்ளே வெப்பம் எவ்வளவு என்பதற்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள்.