கிளிங்கனில் ‘முடிந்தது’

கிளிங்கன் வினைக்குக் காலம் கிடையாது. நேற்றா நாளையா என்பதைத் தனிச் சொல் போட்டுத்தான் சொல்லணும். செயல் முடிந்ததா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் விகுதி காட்டும். மார்க் ஓக்ராண்டின் ‘தி கிளிங்கன் டிக்‌ஷனரி’யில் (1985) எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. எரிச்சலூட்டுகிற இடமும் இதுவே.

முடிந்த செயலுக்கு இரண்டு விகுதிகள்: -பு, -தா. (இரண்டும் தொண்டையில் ஒரு வெட்டோடு நிற்கும், அதைத் தமிழில் எழுத வழியில்லை.) -பு என்றால் முடிந்தது, அவ்வளவுதான். -தா என்றால் செய்யணும்னு இறங்கி, செய்து முடித்தது. ‘ஹோஹ்’ என்பது கொல். ‘லுஹோஹ்தா’ என்றால் கொல்லத்தான் போனார்கள், கொன்றார்கள். கைதவறி நடந்த சாவுக்கு இது வராது; அங்கே ‘லுஹோஹ்பு’. ஆனால் -பு போட்டாலே விபத்து என்று ஆகாது. நோக்கத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை, அவ்வளவே. ஆக -தா கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலம். நம்ம ‘கொன்னுட்டான்’ இதைச் சொல்லாது. வெட்டினவனுக்கும் லாரி ஏத்தினவனுக்கும் அதே சொல்தான்.

இத்தனை நுட்பத்தையும் ஆங்கிலப் பொருள்விளக்கம் அமுக்கிவிடுகிறது. இரண்டுக்கும் ‘ஹேவ் கில்ட்’ மாதிரிதான் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது என்று ஓக்ராண்டே சொல்லியும் பலன் இல்லை. படிக்கிறவர்கள் -புவை இறந்தகாலமாக எடுத்துக்கொண்டு, பழைய கதை எதைச் சொன்னாலும் ஒட்டிவிடுகிறார்கள். உண்மையில் ‘நாளைக்கு இந்நேரம் சாப்பிட்டிருப்பேன்’ என்பதற்கும் -பு பொருந்தும்.

தமிழ் வழியாகப் போனால் இந்தக் குழப்பம் பாதி குறையும் என்பது என் கட்சி. வினைக்குப் பின்னால் ‘ரின்தாஹ்’ என்ற தனி வினையை வைத்தால், நோக்கத்தோடு செய்தது, இனி மாத்த முடியாது என்று பொருள். ஆங்கிலத்தில் இதை விளக்கப் பிரெஞ்சுத் தொடரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கு அது ‘வாங்கியாச்சு’, ‘சொல்லியாச்சு’. முடிவும் நோக்கமும் சேர்ந்தே வந்துவிடும். வழுக்கி விழுந்தவன் ‘விழுந்தாச்சு’ என்று சொன்னால் கிண்டலுக்குத்தான் சொல்லுவான்.

ஒரு குறை மட்டும் நிஜமான குறை. முடிவு, தொடர்ச்சி எல்லாவற்றுக்குமாக வினையில் ஒரே இடம். ஒரு விகுதிதான் உட்காரலாம். ‘பாத்துக்கிட்டே இருந்துட்டேன்’ என்பதைக் கிளிங்கனில் ஒரே வினைக்குள் அடைக்க முடியாது.