பழைய காதலும் கல்யாணப் பத்திரிகையும்

சேரனின் 'ஆட்டோகிராஃப்' (2004) படத்தில் செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையோடு பழைய காதலிகளைத் தேடிப் போகிறான். வியாபாரி கண்ணுக்கு இது பழைய பாக்கியை நேர்செய்து கணக்கை மூடுகிற காரியமாகத்தான் படுகிறது. லத்திகா விதவையாக நிற்கிறாள். படமோ செந்திலின் கண்ணீரைத்தான் அதிகம் காட்டுகிறது.

அல்போன்ஸ் புத்திரனின் மலையாள 'பிரேமம்' (2015) இதே வழியில், ஆனால் சிரித்துக்கொண்டே போகிறது. விபத்தில் ஞாபகம் இழந்த மலர் டீச்சர் (நம்ம தமிழ்ப் பெண்ணாக்கும்!) கடைசியில் ஜார்ஜின் கல்யாணத்துக்குக் கணவரோடு வருகிறாள். ஞாபகம் திரும்பிவிட்டது என்பது அவள் பேச்சில் ஜாடையாகத் தெரிகிறது. அவனிடம் மூச்சு விடவில்லை. அழவைத்த படத்தைவிட இந்த விளையாட்டுப் படத்தையே நான் ஒரு படி மேலே வைப்பது அதற்காகத்தான்.