ஜியோஜீப்ராவின் முக்கோணம்

கரும்பலகையில் வரையும் முக்கோணம் பெரும்பாலும் லட்சணமானது. மூன்றும் குறுங்கோணமாக இருக்க, குத்துயரங்கள் மூன்றும் சந்திக்கும் செங்கோட்டு மையம் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதையே பார்த்துப் பழகிய மாணவருக்கு அந்தப் புள்ளி எப்போதும் உள்ளேதான் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும்: அங்குள்ள கோணம் 90 டிகிரியைத் தொடும்போது மையம் அந்த முனையிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது; விரிகோணமானதும் வெளியே போய்விடுகிறது. 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய இந்த மென்பொருள் பள்ளிகளுக்கு இலவசம். வரைந்து முடித்த பிறகும் படம் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதே இதன் அழகு. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளிலும் இதற்கு இடம் உண்டு.

கண்ணால் பார்த்தது நிரூபணம் ஆகுமா என்று கணக்காசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆகாது. ஆனால் அந்தப் பாடத்தையும் திரையே நடத்திவிடும்: கோணங்களை இரண்டு தசம இடங்களுக்குத் திருத்திக் காட்டும்போது, தெரியும் மூன்று அளவுகளைக் கூட்டினால் சில சமயம் 180.01 வரும். ‘சார், தப்பா வருதே’ என்று ஒரு பிள்ளை எழுந்தால், அளப்பது வேறு, நிறுவுவது வேறு என்று விளக்க அதைவிட நல்ல தருணம் அமையாது. கவராயம் பிடிக்கக் கை மறந்துவிடும் என்பது இன்னொரு கவலை. கவராயத்தைப் பூட்டி வைக்க யாரும் சொல்லவில்லை. தாளில் ஒருமுறை பாடுபட்டு வரைந்தவருக்கே திரையில் எது மாறுகிறது என்று கவனிக்கத் தோன்றும். ஆளுக்கொரு கணினியும் வேண்டாம். மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். இழுப்பதற்கு முன் ‘புள்ளி எங்கே போகும்?’ என்று வகுப்பையே ஊகிக்கச் சொல்வது, தனித்தனித் திரையில் விளையாட விடுவதைவிட மேல் என்பது என் கட்சி.