சுற்றுவழியும் வேலியும்: ஜான் கிளேர் கவிதைகளில் ஊரைச் சுற்றிய நடை

முன்னுரை

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இன்று பெரிதும் விரும்பப்படும் பொழுதுபோக்குகளுள் ஒன்று வட்டநடை. ஓர் ஊரின் தேவாலய வாயிலிலிருந்தோ மதுவிடுதியின் முற்றத்திலிருந்தோ புறப்பட்டு, வயல்வரப்பு, காட்டோரம், ஓடைக்கரை ஆகியவற்றின் வழியே அண்டை ஊர்கள் இரண்டு மூன்றைத் தொட்டு, வேறொரு வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே மீள்வது அதன் இலக்கணம். போன வழியே திரும்புதல் வட்டநடை ஆகாது. இந்நடைக்கென எழுதப்படும் கையேடுகள் எந்த வேலிப்படியைத் தாண்ட வேண்டும், எந்த மரத்தருகே இடப்புறம் திரும்ப வேண்டும் என்பவற்றைத் தெளிவாகச் சொல்லும். பிறர் நிலத்தின் குறுக்கே நடக்கும் உரிமை நடப்பவனுக்கு எவ்வாறு வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அவ்வுரிமை பறிக்கப்பட்ட காலத்தில் வாழ்ந்து, அப்பறிப்பையே பாடுபொருளாக்கியவர் ஜான் கிளேர் (1793-1864). நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வூர் இன்று பீட்டர்பரோ நகராட்சிப் பகுதியைச் சேர்ந்தது. இவரை ‘இயற்கைக் கவிஞர்’ என்னும் சொல்லில் அடக்குவது நம் பாடநூல்களிலும் காணப்படும் வழக்கம். அவ்வாறு அடக்கும்போது அவர் கவிதையின் அடிப்படையாகிய நடை என்னும் வினை மறைந்துவிடுகிறது. கிளேரின் கவிதைகளில் வட்டம் என்பது நிலத்தின் வடிவம் மட்டுமன்று; திரும்பி வருவதற்கான உரிமையின் வடிவமும் ஆகும் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

ஊர் நடுவாய் அமைந்த வட்டம்

கிளேரின் இளமைக்காலத்தில் ஹெல்ப்ஸ்டன் திறந்தவயல் முறையில் இருந்தது. ஊரைச் சுற்றி வேலியற்ற மூன்று பெருவயல்கள்; அவற்றில் குடியானவர்களின் நிலக்கீற்றுகள் கலந்து கிடந்தன. அவற்றிற்கு அப்பால் மேய்ச்சல்வெளியும் பொட்டலும் காடும் இருந்தன. மாடு மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், கதிர் பொறுக்குவோர் ஆகியோர் தம் தேவைக்கேற்ப நடந்து தேய்த்தவையே அவ்வூரின் வழிகள்.

ஜான் பாரல் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட நிலக்காட்சி பற்றிய ஆய்வுநூல் இவ்வமைப்பிற்கும் கிளேரின் கவிதைக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தது. திறந்தவயல் ஊரின் இடவுணர்வு வட்டமானது, ஊர் நடுப்புள்ளி, எல்லாம் அதனைச் சுற்றி அமைந்தவை. வேலியடைப்பு அவ்வட்டத்தைக் குலைத்து, ஊரை வெளியூர்களோடு இணைக்கும் நேர்சாலைகளின் மேல் ஒரு புள்ளியாக மாற்றியது என்பது பாரலின் முடிவு. கிளேரை ஆராய்வோர் எவரும் இக்கருத்தைக் கடந்துசெல்ல இயலாது. எனினும் இதனை ஓரளவு திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது என்பது பின்னர்க் காட்டப்படும்.

ஊரைச் சுற்றி நடத்தல் அக்கால ஆங்கிலச் சிற்றூர்களில் சடங்காகவும் நிலவியது. உயிர்த்தெழுதல் திருநாளுக்குப் பின் ஐந்தாம் வாரத்தில் ஊரார் திருச்சபைப் பங்கின் எல்லை முழுவதையும் சுற்றி வருவர். எல்லைக் கற்களையும் மரங்களையும் கோலால் அடித்துச் சிறுவர் மனத்தில் பதியவைப்பர். வரைபடம் அரிதாயிருந்த காலத்தில் எல்லையைக் காத்தது கால்களின் நினைவே. எனவே வட்டநடை அங்கு முதலில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை. ஊர் தன் நிலத்தை அறிந்து உரிமை கூறும் முறையாக இருந்தது.

அறிந்த எல்லையும் அறியாத வெளியும்

கிளேர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிந்துள்ள இளமை நிகழ்ச்சி ஒன்று இங்கு இன்றியமையாதது. உலகின் விளிம்பு வானம் மண்ணைத் தொடும் இடத்தில் இருக்கும் என நம்பிய சிறுவன், எமன்சேல்ஸ் பொட்டலின் மேல் அதனைத் தேடி நடக்கிறான். நெடுந்தொலைவு சென்றபின் அங்குள்ள பூக்களும் பறவைகளும் தன்னை அறியாதவை போல் அவனுக்குத் தோன்றுகின்றன. தன் அறிவின் எல்லையைத் தாண்டிவிட்டதாகவே கிளேர் இதனைக் குறிக்கிறார். இங்கு அறிவு என்பது மனத்தில் இருக்கும் ஒன்றாக அன்றி நிலத்தில் பரந்துள்ள ஒன்றாகச் சொல்லப்படுவது நோக்கத்தக்கது. மனிதன் இடத்தை அறிவதுபோல் இடமும் மனிதனை அறிகிறது. அவ்விருவழி அறிமுகம் முடியும் இடத்தில் வட்டம் முடிகிறது. சிறுவன் மாலையில் மீண்டபோது தன் ஊர் வயல்களே அவனுக்கு வேறாகத் தெரிந்தன. வட்டத்தைத் தாண்டியவனுக்குத் திரும்பி வருதலும் எளிதன்று என்னும் உண்மை அவர் வாழ்வில் பின்னர் மிகக் கொடிதாக மெய்ப்பட்டது.

தமிழில் ‘ஊர்சுற்றுதல்’ என்னும் சொல் வேலையற்றவன் மேல் ஏற்றப்படும் பழியாகவும் வழங்குகிறது. கிளேரும் இத்தகைய பழிக்கு ஆளானார். தனித்து நடந்து முணுமுணுத்துக்கொண்டு திரிந்த அவரைப் பித்தேறியவன் என ஊரார் சிலர் எண்ணினர். பதின்மூன்று வயதளவில் ஜேம்ஸ் தாம்சனின் ‘பருவங்கள்’ என்னும் நூலை ஸ்டாம்ஃபோர்டு நகரில் வாங்கித் திரும்பும்போது, வேலை நாளில் படிப்பதைப் பிறர் காணலாகாது என அஞ்சி, பர்லி மாளிகைத் தோட்டத்தின் மதிலேறிக் குதித்து உள்ளே அமர்ந்து படித்தார். உழைப்பாளி ஒருவன் கவிதை படிக்கவும் அத்துமீற வேண்டியிருந்தது.

தாம்சனின் கவிதை மேட்டில் நின்று பரந்த நிலத்தைப் பார்வையால் ஆளும் மரபைச் சார்ந்தது. கிளேரின் நிலமோ பெரும்பாலும் சமவெளி. அவர் நின்று பார்ப்பவர் அல்லர். குனிந்தும் ஒதுக்கியும் நடப்பவர். காட்சிகள் முன், பின் என்னும் வரிசையின்றி ஒன்றையடுத்து ஒன்றாக அவர் கவிதையில் வருவதற்கு இந்நடையே காரணம் எனலாம்.

வேலி

ஹெல்ப்ஸ்டனையும் மாக்ஸி, நார்த்பரோ, கிளின்டன், எட்டன் முதலிய அண்டை ஊர்களையும் உள்ளடக்கிய வேலியடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது. நிலப்பங்கீட்டின் இறுதித் தீர்ப்பு 1820இல் வெளியாயிற்று. கிளேரின் முதல் கவிதைத் தொகுதி வெளியானதும் அதே 1820தான். வேலியடைப்பின்போது முள்வேலிச் செடி நடும் கூலிவேலையைக் கிளேரே செய்திருக்கிறார். ஆகவே அவரது எதிர்ப்பைத் தொலைவில் நின்று வருந்தும் பார்வையாளனின் எதிர்ப்பாகக் கொள்ள இயலாது. தன் வழியைத் தன் கையாலேயே அடைக்க நேர்ந்தவனின் குரல் அது.

‘தி மூர்ஸ்’ என்னும் கவிதை வானமே எல்லையாகக் கிடந்த வெளியிலிருந்து தொடங்கி, சிறுசிறு கட்டங்களாக வெட்டுண்ட நிலத்தில் முடிகிறது. அதன் இறுதிப்பகுதியில் பழைய நடைவழியின் குறுக்கே நிற்கும் அறிவிப்புப் பலகை, இங்கே வழியில்லை என்கிறது. மேய்ச்சல் இழப்பு, வறுமை ஆகிய இழப்புகளோடு நடைவழியின் இழப்பையும் கிளேர் சமநிலையில் வைக்கிறார். ‘ரிமெம்பரன்சஸ்’ கவிதையில் வேலியடைப்பு நெப்போலியன் போனபார்ட்டுக்கு ஒப்பிடப்படுகிறது. அக்கவிதையில் இடப்பெயர்கள் அடுத்தடுத்து வருவதை வெறும் பட்டியலாகக் கருதலாகாது. லாங்லி புஷ், ஸ்வார்டி வெல் முதலியவை முன்னர் அவர் கால்கள் சென்ற இடங்கள். அழிந்தபின் அவற்றைப் பெயர்சொல்லியே சுற்றி வர முடிகிறது. எல்லைச் சடங்கின் கோலடிக்கு ஈடாக இப்பெயரடுக்கு நிற்கிறது.

ஸ்வார்டி வெல் தானே பேசுவதாக அமைந்த கவிதை இன்னும் கூர்மையானது. பழைய கல்லகழியாகிய அவ்விடம் வேலியடைப்பின்போது சாலைச் செப்பனீட்டுக்குக் கல் எடுப்பதற்கென ஊர்ப்பொறுப்பில் விடப்பட்டது. ஊரார் தயவில் பிழைக்கும் ஏழையின் குரலில் அந்நிலம் தன்னைப் பிறர் தோண்டித் தின்பதை முறையிடுகிறது. வட்டவழியின் ஓர் இடம் உடைபட்டுச் சாலைக்குக் கல்லாகிறது. பாரல் கூறும் மாற்றத்தைக் கிளேர் நிலத்தின் வாயாலேயே சொல்லிவிடுகிறார்.

கூடும் மீட்சியும்

வேலியடைப்பு வட்டத்தை முற்றிலும் அழித்துவிட்டதா? பாரலின் வாதத்தின் அழுத்தம் நிலவடிவத்தின் மேல் விழுவதால் அவ்வாறு எண்ண இடமுண்டு. ஆனால் கிளேரின் சிறந்த பறவைக்கூட்டுக் கவிதைகள் 1820களிலும் 1830களின் தொடக்கத்திலும், அதாவது நிலப்பங்கீடு முடிந்த பின்னரே, எழுதப்பெற்றன. ‘நைட்டிங்கேலின் கூடு’ என்னும் கவிதை உடன்வருபவர் ஒருவரை அழைத்துக் காட்டுவழியே மெல்ல இட்டுச்செல்கிறது. கிளையை ஒதுக்கு, ஓசை எழுப்பாதே எனப் பேசும் குரல், கூட்டைக் கண்டபின் அதனைத் தொடாமல் பின்வாங்குகிறது. கண்டு திரும்புதலே இக்கவிதையின் கட்டமைப்பு. இங்கு உரிமை என்பது கொள்வதற்கான உரிமையன்று. சென்று கண்டு, இருந்தவாறே விட்டு மீள்வதற்கான உரிமை. வேலியடைப்புச் சட்டத்தில் இவ்வகை உரிமைக்கு இடமில்லை.

இக்குரலைக் கேட்கும் தமிழ் ஆய்வாளனுக்கு ஆற்றுப்படை நினைவிற்கு வருதல் இயல்பு. முன் சென்றவன் பின் செல்வோனுக்கு வழி கூறும் அமைப்பு இரண்டிலும் உண்டு. எனினும் ஒப்புமையினும் வேற்றுமையே பயன்தருவது. ஆற்றுப்படையின் வழி புரவலனிடம் சென்று சேர்கிறது; வழியின் பொருள் அதன் முடிவில் உள்ள கொடை. கிளேரின் வழி ஒரு கூட்டைத் தொட்டுத் தொடங்கிய இடத்திற்கு மீள்கிறது; அதன் முடிவில் புரவலன் இல்லை, பரிசிலும் இல்லை. இவ்வேற்றுமை கிளேரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது.

புரவலர் அளித்த வீடு

கிளேரும் புரவலர்களைச் சார்ந்தே எழுத வேண்டியிருந்தது. ‘ஹெல்ப்ஸ்டன்’ கவிதையில் செல்வத்தைச் சபித்த அடிகளை நீக்குமாறு ராட்ஸ்டாக் பிரபு வற்புறுத்தினார். பின்வந்த பதிப்பில் அவை நீக்கப்பட்டன. 1832இல் ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தினர் நார்த்பரோவில் நல்லதொரு வீட்டை அளித்தனர். ஏறத்தாழ மூன்று மைல் தொலைவு; ஹெல்ப்ஸ்டனிலிருந்து நடந்தே சென்று திரும்பக்கூடிய ஊர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட உதவி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘தி ஃப்ளிட்டிங்’ கவிதையில் கிளேர் வேற்றுநாட்டிற்குத் துரத்தப்பட்டவர் போல் பேசுகிறார். அங்குள்ள வெயிலே வழி தெரியாமல் தடுமாறுவதாக அவருக்குத் தோன்றுகிறது.

மூன்று மைல் என்பது நடையில் சிறிது. நடுப்புள்ளி மாறுவதோ பெரிது. நடந்து சென்று மாலையில் மீள்பவனுக்கு நார்த்பரோ வட்டத்துள் ஓர் ஊர். அங்கேயே தங்க நேர்ந்தவனுக்கு ஹெல்ப்ஸ்டன் போய்வரும் இடமாகிவிடுகிறது. இதனால் பாரலின் முடிவைப் பின்வருமாறு திருத்தலாம்: வேலி வட்டத்தைக் காயப்படுத்தியது, ஆனால் கிளேர் எஞ்சிய வழிகளில் நடந்தும் கவிதையில் நடந்தும் அதனைக் காத்துவந்தார். அவ்வட்டத்தை முறித்தது வீடு என்னும் கொடை.

நேர்கோட்டு நடை

1837இல் கிளேர் எப்பிங் காட்டருகே ஹை பீச் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, ஏறத்தாழ 80 மைல் தொலைவை நான்கு நாள்களில் நடந்து கடந்தார். கையில் காசில்லை, சாலையோரப் புல்லைத் தின்று பசியாறினார். இளமையில் நேசித்த கிளின்டன் ஊர் மேரி ஜாய்ஸ் தமக்காகக் காத்திருப்பதாக நம்பினார். அப்பெண் 1838இலேயே இறந்துவிட்டிருந்தார். விடிந்ததும் திசை தவறாதிருக்க, வடக்கே தலைவைத்து உறங்கியதாக அப்பயணக் குறிப்பில் எழுதுகிறார்.

ஒவ்வொரு மரத்தையும் பெயரறிந்து நடந்தவருக்கு இப்போது திசை ஒன்றே துணை. தலை வைத்த பக்கத்தை நோக்கி நடந்தால் போதும் என்னும் நிலை, அறிமுகமற்ற நிலத்தில் மனிதன் அடையும் வறுமையின் உச்சம். வந்து சேர்ந்தபின் தம் வீட்டிலேயே வீடற்றவராகத் தம்மை உணர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் நார்தாம்ப்டன் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 1864 மே 20 அன்று அங்கேயே இறந்தார். உடல் ஹெல்ப்ஸ்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

கிளேருக்குப் பின் நடைவழி உரிமை சிறிது சிறிதாக மீட்கப்பட்டது. 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடைபெற்ற கூட்டு அத்துமீறலில் கலந்துகொண்ட சிலர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் பொது நடைவழிகளை அதிகாரபூர்வ வரைபடங்களில் பதிவுசெய்ய வகைசெய்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, பொட்டல், பதிவுபெற்ற பொதுநிலம் முதலியவற்றில் வழிவிட்டு விலகியும் நடக்க அனுமதித்தது. ஹெல்ப்ஸ்டனைச் சுற்றியுள்ளவை போன்ற விளைநிலங்களில் இப்பிந்திய உரிமை செல்லாது. அங்கு நடப்பவனுக்குரியது வரைபடத்தில் கோடிட்ட வழி மட்டுமே. கிளேர் உலகின் விளிம்பைத் தேடிய பொட்டலின் ஒரு பகுதி இன்று காஸ்டர் ஹாங்லண்ட்ஸ் தேசிய இயற்கைக் காப்பகத்தில் உள்ளது. ஸ்வார்டி வெல்லும் இயற்கைக் காப்பிடமாகியுள்ளது.

ஆகவே இன்றைய வட்டநடை கிளேரின் வட்டத்தின் தொடர்ச்சியும் ஆகும். அதன் இழப்பிற்குச் சான்றும் ஆகும். இன்று நடப்பவர் பலர் வந்து சுற்றிச் செல்பவர்கள். கிளேரோ சுற்றி வந்து அங்கேயே இருந்தவர். இவ்வேறுபாட்டை உணராமல் அவர் கவிதைகளை அழகிய நாட்டுப்புறத்தின் வருணனைகளாக மட்டும் படிப்பின், ‘வழியில்லை’ என்னும் பலகையை நாமும் ஒருமுறை நட்டவர்கள் ஆவோம். இயற்கைக் கவிதை எனப் பெயரிட்டு நாம் கற்பிக்கும் கவிதைகளில், கவிஞன் எந்த நிலத்தில் நிற்கிறான் என்பதோடு, அந்நிலத்திற்கு அவன் மீண்டும் வர முடியுமா என்பதையும் கேட்டறிவது திறனாய்வின் கடமையாகும்.