பசியும் தகுதியும்

கடலூர் வட்டாரம் தமிழுக்கு ஈந்த உரைநடை நூல்களுள் இராமலிங்க அடிகளாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ தனித்து நிற்பதாகும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த அடிகளார், 1867இல் வடலூரில் தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்நூலைப் பக்தி நூலாகப் போற்றுவோர் பலர். ஒரு வழக்குரையாகப் படித்தோர் சிலரே.

யாருக்கு உதவி தகும் என்னும் வழக்கே அதன் உயிர்நாடி. ஒருவன் தன் தீவினையால் பசித்திருக்கிறான் என்றால், அவனுக்கு உணவிடுவது இறைவன் விதித்த தண்டனையில் குறுக்கிடுவதாகாதா? இவ்வினாவை அடிகளாரே எழுப்புகிறார். கொடிய குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சிறையில் சோறிடுவிக்கிறானே என்பது அவர் தரும் விடை. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் ஏழையோடும் அநாதையோடும் சிறைப்பட்டவரையும் உணவுக்குரியோராகச் சேர்த்திருப்பதை அறிந்த நமக்கு இவ்விடை அந்நியமானதன்று.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. தம் பாடலொன்றில் அடிகளார், உயிர்க்கொலை புரிந்து புலால் உண்போரைப் புறவினத்தார் என ஒதுக்கி, அவர்க்குப் பசி நீக்குதல் ஒன்றையே செய்யச் சொல்கிறார். நம்மில் பெரும்பாலோர் அக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள். வருத்தந்தான். எனினும், கோடு எங்கே இழுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். பசிக்கு அப்பால் இழுத்தாரேயன்றிப் பசியின்மீது அவர் இழுக்கவில்லை.

நாம் எங்கே இழுக்கிறோம்? 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பெற்றபோது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட் என அரசு வரம்பு விதித்தது. பொதுப்பணத்துக்கு வரம்பு வேண்டுவதே. ஜகாத் பெறுவோரும் எட்டு வகையினரே. ஆனால் தேநீர்க்கடைப் பெஞ்சில் விதிக்கப்படும் வரம்பு வேறு: காதில் தோடு, கையில் செல்பேசி, உடுத்த சேலையின் நிறம். ரமலானில் நம் வாசலில் வந்து நிற்பவளையும் இக்கண்ணாலேயே அளக்கிறோம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைச் சூறையாடியபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறாக்கி அளித்தனர். உண்டவர்கள் நம் ஜமாஅத்தினர் அல்லர்; நம் மார்க்கத்தினரும் அல்லர். பேரிடர் நாளில் கைவந்த அப்பார்வை, சாதாரண நாளில் நம்மைவிட்டு நழுவுவதேன்? இவ்வினாவை நெஞ்சில் வைத்துப் படிப்போர்க்கு, அடிகளாரின் நூல் நேற்று எழுதியதுபோல் விளங்கும்.