யாத்திரிகமும் இரவுப் பணியும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை (1894) ஆவிக்குரிய வளர்ச்சியின் காவியமாகவே போதித்து வருகிறோம். ஓசூர் சிப்காட் தொழிலாளரிடையே ஊழியம் செய்வோர்க்கு அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. யாத்திரிகன் அழிவுக்குரிய தன் நகரைவிட்டு ஒருமுறை புறப்படுகிறான். பின்னர் முன்னேறிச் செல்கிறான். தொழிலாளியோ நாள்தோறும் அதே ஆலைவாயிலுக்குத் திரும்புகிறான். ஷிப்டு மாறுந்தோறும் அவனுடைய பகலும் இரவும் இடம் மாறுகின்றன.

காவியத்துக்கு மூலமான ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தில் (1678), மலையேறும் கிறிஸ்தியான் பாதிவழியில் நிழற்பந்தலில் உறங்கித் தன் சுருளை இழக்கிறான். அவ்வுறக்கம் குற்றமாகவே காட்டப்படுகிறது. பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். உடலின் களைப்பை அறியாதவரல்லர். உருவகத்தை விதியாக்கியவர்கள் நாமே. இரவுப் பணி முடித்து, விடிந்தபின் அறைக்கு வரும் வாலிபனிடம் அதிகாலைத் தியானத்தைப் பற்றிக் கேட்கும் ஆயர், அறியாமலே அவனைக் குற்றவாளியாக்குகிறார். 127ஆம் சங்கீதமோ உறக்கத்தைக் கர்த்தரின் ஈவாகக் கருதுகிறது. சூரைச்செடியின் கீழ் உறங்கிய எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பி அப்பம் கொடுத்தான். தீர்க்கதரிசி புசித்து, மறுபடியும் படுத்துக்கொண்டான் (1 இராஜாக்கள் 19). அவனுடைய நீண்ட பிரயாணம் அதன் பின்னரே தொடங்கிற்று.

யாத்திரிகத்திலும் இத்தகைய தங்குமிடங்கள் உண்டு. அவை ஊடே வரும் தேவாரப் பாடல்கள். அங்கே கதை நிற்கிறது, ஆன்மா விண்ணப்பஞ் செய்கிறது. கம்பனை நினைவூட்டும் வருணனைகளில் மயங்கும் நாம் இவற்றை விரைந்து கடந்துவிடுகிறோம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூரில், காவியத்தின் செந்தமிழ் முழுவதும் அவ்வாலிபனுக்கு எட்டாது என்பது மெய்யே. தேவாரத்தில் இரண்டு பாடல்களைப் பொருள் சொல்லிக் கற்பித்தால், கம்பெனிப் பேருந்திலும் அவை அவனோடு செல்லும்.