வழிநடையும் வரவேற்பும்

தென் பிரான்சின் செவேன் மலைநாட்டில் ஒரு வகை நடை விடுமுறை பெயர் பெற்றிருக்கிறது. வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. கையில் ஒரு வரைபடம். வழியோரப் பாறைகளிலும் மரங்களிலும் வெள்ளையும் சிவப்புமாகத் தீட்டப்பட்ட இரு கோடுகள். இவற்றைத் துணைகொண்டு ஒரு மலைச் சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்கு நடந்து செல்கின்றனர். மாலையில் தங்கும் விடுதியில் இடம் முன்னரே பதிவாகியிருக்கும். விரும்பினால் மூட்டை முடிச்சுகளும் நடப்பவருக்கு முன்பே வண்டியில் போய்ச் சேர்ந்துவிடும். லெ புய் நகர் தொடங்கி அலேஸ் நகர் வரை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் நீளும் இவ்வழிக்கு ஸ்டீவன்சன் பாதை என்று பெயர். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1879-இல் வெளியிட்ட ‘செவேன் மலைகளில் ஒரு கழுதையுடன் பயணம்’ என்னும் சிறுநூலே இதற்கு மூலம். அந்நூலையும், அது ஈன்ற பாதையையும் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்போம்.

1878 செப்டம்பர் 22 அன்று, 27 வயது இளைஞராக, லெ மொனாஸ்தியே என்னும் ஊரிலிருந்து ஸ்டீவன்சன் புறப்பட்டார். பன்னிரண்டு நாள் நடந்து சேன் ழான் து கார் ஊரை அடைந்தார். இடையில் 1,699 மீட்டர் உயர்ந்த லொசேர் மலை. வடக்கே குளிர்ந்த மேய்ச்சல் நிலம். தெற்கே இறங்க இறங்கச் செஸ்ட்நட் மரங்கள் நிறைந்த படிக்கட்டுச் சரிவுகள். பயணத்தின் இறுதிப் பகுதியில் ஓடைகளும் மத்தியதரைக் கடலை நோக்கித் திரும்பிவிடுகின்றன. இந்நிலப்பரப்பின் மேய்ச்சல், வேளாண் பண்பாட்டைப் போற்றி 2011-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விடுதிகளை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே உறங்குவதற்கு ஒரு பெரிய பையைத் தாமே வடிவமைத்துத் தைக்கச் செய்தார் ஸ்டீவன்சன். அதைச் சுமக்க மொதெஸ்தின் என்னும் கழுதையை வாங்கினார். எவரையும் அண்டாமல் நினைத்த இடத்தில் தங்கும் விடுதலையே அவர் நாடியது. நூலைப் பாராட்டுவோர் பலரும் அந்த விடுதலையைத்தான் பாராட்டுகின்றனர். நமக்கோ நூலின் உயிர் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அவர் தனித்திருந்த இடங்களைவிட, பிறர் வாயிலில் நின்ற இடங்களே நூலைத் தாங்குகின்றன.

ஓரிரவு அவர் இருளில் வழி தவறி ஒரு குடியிருப்பை அடைகிறார். அடுத்த ஊருக்கு வழி காட்டினால் பணம் தருவதாகச் சொல்கிறார். வீட்டுக்காரரோ இருளுக்கு அஞ்சி வாசற்படியைத் தாண்ட மறுக்கிறார். ஸ்டீவன்சன் காட்டிலேயே உறங்க நேர்கிறது. நகைச்சுவையுடன் சொல்லப்பட்டாலும், அடைத்த கதவின் முன் நிற்பவனின் கசப்பை மறைக்காத பகுதி இது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது பனிமய அன்னை துறவு மடம். தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த அதே திருப்பெயர். ஸ்காட்லாந்தின் சீர்திருத்த சபையில் வளர்ந்த ஸ்டீவன்சன், டிராப்பிஸ்ட் துறவிகளின் இம்மடத்தை உள்ளூர அஞ்சியபடியே அணுகுகிறார். முன்பின் அறியாத அவரைத் துறவிகள் ஏற்று உணவும் அறையும் தருகின்றனர். இரவு மன்றாட்டில் வெண்சுவர்க் கோயிலும், முக்காடிட்ட உருவங்களும், அன்னையை வாழ்த்தும் பாடலும் அவரை உலுக்கிவிட, விண்மீன் ஒளிரும் முற்றத்திற்கு வந்து திகைத்து நிற்கிறார். அவர் மனம் மாறிவிடவில்லை, மாறியதாக நடிக்கவுமில்லை. அந்த நேர்மையே இப்பகுதிக்கு அழகு.

மறுநாள் காலை அதே மடத்தில் விருந்தினராயிருந்த ஒரு குருவானவரும் ஓய்வு பெற்ற ஒரு படைவீரரும் அவரை மதம் மாறும்படி நெருக்குகின்றனர். அவரது மனம் புண்படுகிறது. துறவிகள் வாய் பேசாமல் காட்டிய அன்பு அவரை அசைத்தது. இவர்களின் வாதம் அவரை விலக்கியது. கத்தோலிக்கர்களாகிய நாம் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் படிப்பது நலம்.

லொசேர் மலைக்கு அப்பால் நூல் இன்னும் ஆழமாகிறது. 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் சீர்திருத்த சபையினரின் வழிபாட்டுரிமையைப் பறித்தார். அதன் விளைவாக இம்மலைகளில் கமிசார்கள் என்ற கிளர்ச்சியாளர்கள் எழுந்தனர். போன் து மோன்வேர் ஊரில் து ஷைலா என்ற குரு அவர்களுள் பலரைத் தம் இல்லத்தில் சிறைவைத்து வதைத்தார். 1702 ஜூலை 24 அன்று கொல்லப்பட்டார். போர் மூண்டது. ஸ்டீவன்சன் எழுதுகிறபடி, அக்குரு முன்னர்த் தொலைநாட்டில் மறைப்பணியாற்றியபோது சாகும் நிலையில் விடப்பட்டு, ஓர் எளிய தீண்டப்படாதவரின் இரக்கத்தால் பிழைத்தவர். அந்நியரின் இரக்கத்தில் உயிர் பெற்றவர் தம் வீட்டைச் சிறைக்கூடம் ஆக்கினார் என்னும் இம்முரணை ஸ்டீவன்சன் பெருங்குரலெடுத்துச் சாடவில்லை. கொலையுண்டவரின் துணிவையும் அவர் மறைக்கவில்லை. நம் திருச்சபையின் வரலாற்றில் நாம் தலைகுனிய வேண்டிய ஒரு பக்கத்தை, வேறு சபையைச் சேர்ந்த ஒருவர் இவ்வளவு நடுநிலையோடு எழுதியிருப்பது நம்மை வெட்கவும் நன்றி கூறவும் வைக்கிறது.

நூலில் குறை இல்லாமல் இல்லை. சுமக்கும் மொதெஸ்தினை அவர் நடத்தும் விதம் அக்குறைகளில் பெரிது. கூர்முனைத் தாற்றுக்கோல் கிடைத்ததும் அவர் அடையும் மகிழ்ச்சி கேலியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் கால்கள் புண்ணாகிக் குருதி கசிந்ததை அவரே குறிக்கிறார். ஆயினும் கேலி நிற்பதில்லை. இறுதியில் 35 பிராங்குக்கு அதை விற்றுவிட்டு, வண்டியில் போகும்போது அழுகிறார். அந்தக் கண்ணீர் பொய்யன்று; காலம் கடந்து வந்தது. தம் விடுதலை இன்னோர் உயிரின் முதுகில் ஏறி வந்தது என்பதை அவர் நூல் முழுவதும் நினைவில் வைத்திருந்தால் இது இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

இன்றைய பாதைக்கு வருவோம். இளைஞர் குறைந்துபோன மலையூர்களில் நடைபயணிகளால் விடுதிகள் பிழைக்கின்றன. முதியோரும் சுமை தூக்க இயலாதோரும் மலையழகைக் காண முடிகிறது. இவை நன்மைகளே. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒன்று நழுவிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டவர் யாருக்கும் கடன்பட்டவராக எந்த வாயிலிலும் நிற்பதில்லை. ஸ்டீவன்சனோ லொசேர் மலையின் பைன் மரங்களிடையே ஓரிரவு தங்கிவிட்டு, காலையில் புல்தரையில் காசுகளைப் போட்டுக்கொண்டே நடந்தார். வாங்குவதற்கு அங்கு எவருமில்லை. தங்க இடம் தந்த ஏதோ ஒன்றுக்குத் தாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வே அச்செயல். முன்பதிவுச் சீட்டில் அவ்வுணர்வுக்கு இடமில்லை. ஆகவே இத்தகைய விடுமுறையை நல்ல ஓய்வு எனலாம். திருப்பயணம் என்று விளம்பரம் செய்வது பொருந்தாது. எம்மாவு வழியில் நடந்த சீடர்கள் வழிப்போக்கரைத் தங்கும்படி வற்புறுத்திய பிறகே அப்பம் பிட்கப்பட்டது.

ஸ்டீவன்சன் தங்கிய அதே மடத்தில், 12 ஆண்டுகளுக்குப் பின், 1890-இல் துறவியாக நுழைந்தவர் சார்லஸ் தெ ஃபூக்கோ. பின்னாளில் அவர் சகாராப் பாலைவனத்தில் இசுலாமிய மக்களிடையே, யாவரும் வரக்கூடிய வீட்டில், அனைவருக்கும் சகோதரராக வாழ்ந்து 1916-இல் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று நம் தேவசகாயத்தோடு சேர்த்துப் புனிதராக உயர்த்தப்பட்டவரும் இவரே. மடத்து வாயிலில் ஓரிரவு கண்டதை ஸ்டீவன்சன் நூலாக்கினார். ஃபூக்கோ அதையே வாழ்வாக்கினார்.

இந்நூலைக் கையில் எடுக்கும் அன்பர்கள் கழுதையின் வேடிக்கையோடு நின்றுவிடாமல், பனிமய அன்னை மடத்தைப் பற்றிய பகுதியையும் போன் து மோன்வேர் பகுதியையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டுகிறோம். ஒன்றில் நம்மவர் கதவைத் திறந்தனர், மற்றதில் பூட்டினர். இரண்டையும் பார்த்துச் சென்ற ஒரு வழிப்போக்கரின் சான்று இது.